நீலக் கோட்டை நம்பிக் கோட்டைவிட்டேன்: ஒரு திருத்தும் மென்பொருளோடு ஏழு மாதம்

என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. கதை, கவிதை பக்கம் போவதில்லை. இயந்திரங்களோடு பெட்டியில் வரும் கையேடுகள், பராமரிப்புக் குறிப்புகள், எச்சரிக்கை வாசகங்கள் ஆகியவைதான் என் உலகம். யாரும் ரசித்துப் படிக்காத எழுத்து. ஆனால் தவறாகப் படித்தால் யாருடைய விரலாவது போய்விடக்கூடிய எழுத்து. இருபத்திரண்டு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன், பெரும்பாலும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு.

ஏழு மாதங்களுக்கு முன், ஆங்கில எழுத்தைத் திருத்தித் தரும் மென்பொருள் ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சந்தா முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது; அதுவரை நானும் அதுவும் ஒரே திரையில் குடித்தனம் நடத்தியாக வேண்டும். தவிரவும், நான் இங்கே பேசப்போவது அதன் ஒரே ஓர் உறுப்பைப் பற்றித்தான். 'டு' என்ற சொல்லோடு ஆங்கில வினை வரும்போது, வினையடையை எங்கே வைப்பது என்று அது கொடுக்கும் ஆலோசனை. சின்ன விஷயம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அந்த வால்வு விவகாரம் வரும்வரை.

ஒரு பம்ப் கையேட்டில் நான் எழுதிய வாக்கியம் இது: 'ஆப்பரேட்டர்ஸ் ஆர் இன்ஸ்ட்ரக்டட் டு இமீடியட்லி க்ளோஸ் த வால்வ் தட் கனெக்ட்ஸ் த டேங்க் டு த பம்ப்.' தொட்டியையும் பம்பையும் இணைக்கும் வால்வை உடனடியாக மூடும்படி இயக்குபவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது என்பது பொருள். 'டு இமீடியட்லி க்ளோஸ்' என்ற இடத்தில் நீல நெளிகோடு விழுந்தது. சுட்டியைக் கோட்டின் மேல் கொண்டுபோனால் ஒரு குட்டி அட்டை எழுந்தது. 'ஸ்பிளிட் இன்ஃபினிட்டிவ்' என்று தலைப்பு. 'டு'வுக்கும் வினைக்கும் நடுவே வினையடையை நுழைக்காதீர்கள் என்று அறிவுரை. அது தந்த மாற்று: 'இன்ஸ்ட்ரக்டட் இமீடியட்லி டு க்ளோஸ்.'

நூற்று நாற்பது பக்கக் கையேடு, நள்ளிரவு தாண்டிவிட்டது, மறுநாள் காலை அனுப்ப வேண்டும். மூலையில் 'எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கிய பாவம் என்னுடையது.

பத்து நாள் கழித்து, கையேட்டைச் சரிபார்த்த பொறியாளரிடமிருந்து கேள்வி வந்தது. "உடனடியாகச் செய்ய வேண்டியது எது? அறிவுறுத்துவதா, மூடுவதா? அறிவுறுத்துவது என்றால் அதை யார் செய்வது?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே குழம்பியிருந்தார். நான் எழுதிய வாக்கியத்தில் இல்லாத குழப்பம், திருத்திய வாக்கியத்தில் இருந்தது.

காரணம் எளிது. 'இன்ஸ்ட்ரக்டட்' என்பது ஒரு வினை, 'க்ளோஸ்' என்பது இன்னொரு வினை. 'டு'வைத் தாண்டி முன்னே வந்துவிட்ட 'இமீடியட்லி', இந்த இரண்டுக்கும் நடுவில் மதில்மேல் பூனையாக உட்கார்ந்துகொண்டது. எந்தப் பக்கம் குதிக்கும் என்று படிப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆங்கில ஆசிரியர்கள் இப்படிப்பட்ட அடையை மாறுகண் கொண்டது என்பார்கள். எனக்குப் பூனைதான் பொருத்தமாகப் படுகிறது.

"அப்படியானால் வாக்கியத்தின் கடைசியில் வைத்திருக்கலாமே" என்று கேட்பீர்கள். எதிர் மேசையில் இருக்கும் இளைய சகாவும் அதைத்தான் கேட்டாள். வைத்துப் பாருங்கள்: 'டு க்ளோஸ் த வால்வ் தட் கனெக்ட்ஸ் த டேங்க் டு த பம்ப் இமீடியட்லி.' இப்போது வால்வு உடனடியாக இணைக்கிறது! செயப்படுபொருள் குட்டையாக இருந்தால் கடைசி இடம்தான் அழகு. 'க்ளோஸ் த வால்வ் இமீடியட்லி' என்பதை விஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் அது வாலை நீட்டிக்கொண்டு வரும்போது, கடைசியில் போன வினையடை தன் வினையை மறந்து பக்கத்து வினையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலம் பேசுபவர்கள் 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் ஓர் இருக்கை போட்டு வைத்திருப்பது இதற்காகத்தான். அங்கே உட்கார்ந்த வினையடை எந்த வினைக்கு உரியது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இந்த மென்பொருள் அந்த ஒரே பத்திரமான இருக்கைக்குத்தான் பூட்டுப் போடுகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். மற்ற வேலைகளில் இது கெட்டிக்காரப் பண்டம். எழுத்துப்பிழையை விடாது. ஒருமை எழுவாய்க்குப் பன்மை வினை போட்டால் கையும் களவுமாகப் பிடிக்கும். 'ஏ', 'ஆன்', 'த' விடுபட்ட இடங்களைக் காட்டுவதில் அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன். தமிழில் யோசிப்பவர்களுக்கு அந்த மூன்றும் ஆயுட்கால வழக்கு. பெரிய கோப்பைத் திறந்தாலும் திணறுவதில்லை. இவற்றுக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் மேலே படிக்க வேண்டியதில்லை, வாங்கிவிடுங்கள்.

வினையடை விஷயத்துக்கு வருகிறேன். அந்த அட்டையின் அடியில் 'மேலும் அறிய' என்று ஓர் இணைப்பு உண்டு. அமுக்கினால் இரண்டு வரி வருகிறது. இது ஆங்கிலத்தின் தொன்மையான விதி என்பது ஒன்று. லத்தீனில் இந்த வினை வடிவம் ஒரே சொல், அதைப் பிளக்க முடியாது, ஆகவே ஆங்கிலத்திலும் பிளக்கக் கூடாது என்பது மற்றொன்று. பொறியாளரிடம் தலைகுனிந்த கோபத்தில் இந்த இரண்டு வரியையும் தோண்டிப் பார்த்தேன்.

தொன்மை என்பது பொய். 'டு'வுக்கும் வினைக்கும் நடுவே சொல்லை வைக்கும் வழக்கம் பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இருந்தது. விவிலியத்தை மொழிபெயர்த்த ஜான் விக்லிஃப் காலத்து உரைநடையில் அதைக் காணலாம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஏறக்குறைய மறைந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திரும்பத் தலைகாட்டியது. அதைக் கண்டித்து எழுதிய பழைய எழுத்துகளில் ஒன்று 1834இல் ஓர் அமெரிக்க இதழில் வந்த குறிப்பு. எழுதியவர் பெயர்கூடப் போடவில்லை. 'பி' என்று ஒற்றை எழுத்து மட்டும். அதன்பின் 1864இல் கேன்டர்பரி தேவாலயத்தின் டீன் ஹென்றி ஆல்ஃபோர்டு தன் நூலில், ஆங்கிலம் பேசுவோரும் எழுதுவோரும் அறியாத வழக்கம் இது என்று எழுதினார். அறியாத வழக்கமாக இருந்தால் கண்டிக்க வேண்டிய தேவையே வந்திருக்காதே என்று எனக்குத் தோன்றுகிறது. 'ஸ்பிளிட் இன்ஃபினிட்டிவ்' என்ற பெயரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. குழந்தை பிறந்து ஐந்நூறு ஆண்டு கழித்துப் பெயர் வைத்து, அந்தப் பெயரிலேயே குற்றத்தையும் எழுதிவைத்தார்கள்.

லத்தீன் வாதம் இன்னும் வேடிக்கை. லத்தீனில் 'அமாரே' என்றால் நேசிக்க. ஒரே சொல், பிளக்க இடமில்லை. தமிழிலும் 'நேசிக்க' ஒரே சொல்தான். பள்ளியில் செயவென் எச்சம் என்று படித்தோமே, அதேதான். பிளக்க முடியாததைப் பிளக்காதே என்று சொல்ல விதி எதற்கு? ஆங்கிலத்தில் அது இரண்டு சொல், நடுவில் இடைவெளி இருக்கிறது. அதிலும் 'டு' இல்லாமலே அந்த வினை நடமாடுகிறது: 'ஐ கேன் கோ', 'லெட் ஹிம் கோ', 'ஷீ மேட் மீ லாஃப்.' டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் இதை அழகாகக் கேட்டார். 'த குட் மேன்' என்னும்போது 'த'வுக்கும் 'மேன்'னுக்கும் நடுவில் ஒரு சொல் நிற்கிறது. பெயர்ச்சொல்லைப் பிளந்துவிட்டாய் என்று யாராவது சொல்கிறார்களா? 'த' எப்படிப் பெயர்ச்சொல்லின் உறுப்பு இல்லையோ, அப்படித்தான் 'டு'வும் வினையின் உறுப்பு இல்லை. ஆகவே பிளப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நாற்பது வாக்கியங்கள் எழுதி இந்த மென்பொருளுக்குப் பரீட்சை வைத்தேன். வினையடை ஒவ்வொன்றையும் நான்கு இடத்தில் வைத்துப் பார்ப்பது என்று திட்டம்: முதல் வினைக்கு முன், 'டு'வுக்கு முன், 'டு'வுக்குப் பின், கடைசியில். மென்பொருளைச் சோதிக்கப் போய் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்ட நாள் அது.

'ரியலி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐ ரியலி வான்ட் டு ஸீ இட்' என்றால் ஆசை பெரிது. 'ஐ வான்ட் டு ரியலி ஸீ இட்' என்றால் பார்வை பெரிது; மேலோட்டமாகப் பார்த்தால் போதாது, கண்ணாரப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு செய்தி. இரண்டாவதின் கீழ் நீலக் கோடு. மென்பொருளின் மாற்று, 'ஐ வான்ட் ரியலி டு ஸீ இட்.' இதை எந்த ஆங்கிலேயர் பேசிக் கேட்டீர்கள்? சொல்லிப் பார்த்தாலே நாக்கு தடுக்குகிறது. 'ஜஸ்ட்', 'ஈவன்', 'ஆக்சுவலி' போன்ற சொற்களும் இதே சாதி. 'ஐ வான்ட் டு ஜஸ்ட் லீவ்' என்று அலுத்துப்போய்ச் சொல்பவரை நிறுத்தி, 'ஜஸ்ட் டு லீவ்' என்று திருத்தினால், கிளம்புவது மட்டும்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று கணக்குச் சொல்கிற தொனி வந்துவிடுகிறது. அலுப்பு போய்விட்டது.

'கம்ப்ளீட்லி' என் தொழிலுக்கு நெருக்கமானது. 'ஹீ ஃபெயில்ட் டு கம்ப்ளீட்லி டைட்டன் த போல்ட்.' போல்ட்டை முறுக்கினார், ஆனால் முழுதாக முறுக்கவில்லை. 'ஹீ கம்ப்ளீட்லி ஃபெயில்ட் டு டைட்டன் த போல்ட்.' முறுக்கவே இல்லை. முதல் வாக்கியத்துக்கு மென்பொருள் காட்டிய மாற்று, 'ஃபெயில்ட் கம்ப்ளீட்லி டு டைட்டன்.' இது இரண்டாவது பொருளின் பக்கம் சாய்கிறது. விபத்து விசாரணை அறிக்கையில் இந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டால், அரைகுறையாக முறுக்கியவர் முறுக்கவே இல்லாதவர் ஆகிவிடுவார். ஒரு நீலக் கோடு ஒரு மனிதரின் வேலையை வாங்கிவிடும்.

'டு பெட்டர் அண்டர்ஸ்டாண்ட்' என்பது அலுவலகக் கடிதங்களில் நாள்தோறும் புழங்கும் தொடர், இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ள என்ற பொருளில். மென்பொருள் தந்த மாற்று, 'பெட்டர் டு அண்டர்ஸ்டாண்ட்.' அதன் பொருள், புரிந்துகொள்வதே நல்லது! வாய்விட்டுச் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் மேல், 'அவுட்புட் இஸ் எக்ஸ்பெக்டட் டு மோர் தன் டபுள்' என்ற வாக்கியம். உற்பத்தி இரு மடங்குக்கும் மேல் ஆகும் என்று எதிர்பார்க்கிறார்கள். 'மோர் தன்' அங்கிருந்து நகரவே முடியாது. முன்னே போனாலும் உளறல், பின்னே போனாலும் உளறல். மென்பொருளோ அசராமல் 'மோர் தன் டு டபுள்' என்றது. சொல்லின் பொருளை அது பார்ப்பதில்லை; 'டு'வையும் வினையையும் மட்டும் எண்ணி, நடுவில் எது நின்றாலும் தூக்கி வெளியே வைக்கிறது.

உறுதிசெய்துகொள்ள ஒரு குறும்பு செய்தேன். 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய விண்வெளித் தொடர் ஒன்றின் முகப்பு வாசகத்தில் 'டு போல்ட்லி கோ' என்று வரும். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது அதை எடுத்துக் காட்டுவார்கள். அதைத் தட்டச்சு செய்தேன். கோடு விழவில்லை. 'டு போல்ட்லி வாக்' என்று எழுதினேன். விழுந்தது. அதாவது யாரோ ஒரு பணியாளர், கேலிக்கு ஆளாகக் கூடாது என்று அந்த ஒரு தொடருக்கு மட்டும் விலக்கு எழுதிவைத்திருக்கிறார். பிரபலமாக இருந்தால் பிழை இல்லை, சாமானியர் எழுதினால் பிழை.

நடுவிருக்கை எல்லா வினையடைக்கும் திறந்திருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்', 'வெல்', 'எர்லி' போன்றவை அங்கே உட்காரா. 'டு ஹார்ட் வொர்க்' என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. 'டு வொர்க் ஹார்ட்' என்றுதான் வரும். மென்பொருளின் உண்மையான மதிப்பு இங்கேதானே தெரிய வேண்டும்? 'டு வெல் ப்ரிப்பேர் த சர்ஃபேஸ்' என்று வேண்டுமென்றே தப்பாக எழுதினேன். கோடு போட்டது, சபாஷ். மாற்று என்ன தெரியுமா? 'வெல் டு ப்ரிப்பேர் த சர்ஃபேஸ்.' நோயைக் கண்டுபிடித்துவிட்டு வேறு யாருடைய மருந்தையோ கொடுக்கிற வைத்தியர். சரியான விடையான 'டு ப்ரிப்பேர் த சர்ஃபேஸ் வெல்' அதன் பட்டியலிலேயே இல்லை.

எதிர்மறைக்கும் இதே சிக்கல் உண்டு. 'ஐ டிசைடட் நாட் டு கோ', 'ஐ டிசைடட் டு நாட் கோ' இரண்டும் இன்று வழக்கில் இருக்கின்றன. முதலாவது எழுத்தில் பெரும்பான்மை, இரண்டாவதில் போகாமல் இருப்பதையே ஒரு காரியமாகச் செய்கிற அழுத்தம் கொஞ்சம் கூடுதல். மென்பொருள் முதலாவதைத்தான் வற்புறுத்துகிறது. இதில் அதோடு எனக்குச் சண்டை இல்லை, பொருள் கெடுவதில்லை. இந்த இடத்தில் தமிழ் எவ்வளவு தெளிவு என்று நினைத்துக்கொண்டேன். 'போகாமல் இருக்க முடிவுசெய்தேன்', 'போக முடிவுசெய்யவில்லை.' மறுப்பு எந்த வினையின் வயிற்றில் இருக்கிறது என்று சொல்லின் உருவத்திலேயே தெரிந்துவிடுகிறது.

ஆனால் வினையடையில் நமக்கும் பூனைத் தொல்லை உண்டு. 'மெதுவாகப் படிக்கச் சொன்னார்.' படிப்பது மெதுவாகவா, சொன்னது மெதுவாகவா? பக்கத்தில் இருப்பதால் படிப்பதோடுதான் சேர்க்கிறோம். அந்த வல்லின 'ப்' பசை போலப் பிடித்துக்கொள்கிறது. சொன்னதுதான் மெதுவாக என்றால், ஒற்றை எடுத்துவிட்டு 'மெதுவாக, படிக்கச் சொன்னார்' என்று காற்புள்ளி போட்டு மூச்சுவிட வேண்டும், அல்லது 'படிக்கும்படி மெதுவாகச் சொன்னார்' என்று வரிசையை மாற்ற வேண்டும். தமிழில் வினையடை தன் வினைக்கு முன்னால் ஒட்டி நிற்க விரும்பும். ஆங்கிலத்தின் நடுவிருக்கையும் அதே ஆசைதான்: வினைக்கு முன்னால், ஒட்டி. 'டு ஸ்லோலி ரீட்' என்று நமக்கு இயல்பாக வாயில் வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அது பிழை என்று பள்ளியில் காதைத் திருகினார்கள். திருகியிருக்க வேண்டிய இடம் வேறு.

அந்த வேறு இடம்தான் இந்த மென்பொருளின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை. தமிழில் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வருகிறது. 'கையேட்டைக் கவனமாகப் படிக்க' என்னும்போது வினையடை பொருளுக்கும் வினைக்கும் நடுவில் நிற்கிறது. அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் பொருளுக்கும் வினைக்கும் நடுவில் அதை நிறுத்துகிறோம்: 'டு ரீட் கேர்ஃபுல்லி த மேனுவல்.' 'டு ஸ்பீக் ஃப்ளூயன்ட்லி இங்கிலீஷ்.' ஆங்கிலக் காதுக்கு இது உறுத்தும். அங்கே வினையும் அதன் பொருளும் கைகோத்து நடப்பவை. குறுக்கே புகுந்தால் தடுக்கி விழுவார்கள். பொருள் மிக நீளமாக இருந்தால் மட்டும் இது மன்னிக்கப்படும். நாற்பதில் ஆறு வாக்கியங்களை இப்படித் தப்பாக எழுதியிருந்தேன். ஒன்றின் கீழும் கோடு விழவில்லை. பிழையே இல்லாத 'டு கேர்ஃபுல்லி ரீட் த மேனுவல்' கீழே மட்டும் நீலம் நெளிந்தது. காவலாளி வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி விசாரிக்கிறார், திருடன் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறான்.

அமைப்புகளில் 'முறைசார் நடை', 'பொது நடை', 'நட்பு நடை' என்று மூன்று தெரிவுகள் உண்டு. நட்பு நடையில் இந்தக் கோடு வருவதில்லை. ஆக இது பிழையா, உடுப்பா என்று மென்பொருளுக்கே தெளிவில்லை. உடுப்பு என்றால் அட்டையில் அப்படிச் சொல்லிவிடலாம்: சில பழைய வாசகர்களுக்குப் பிடிக்காது, கவனம் என்று. அது நேர்மையான ஆலோசனை, நானே பல இடத்தில் கேட்டுக்கொள்வேன். ஃபௌலர் 1926இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியில், இந்த விஷயத்தில் ஆங்கிலம் பேசுவோரை ஐந்து வகையாகப் பிரித்தார். இது என்னவென்று தெரியாமலும் அதைப் பற்றிக் கவலைப்படாமலும் இருப்பவர்கள் முதல் வகை. தெரியாது, ஆனால் ரொம்பவும் கவலைப்படுபவர்கள் இரண்டாம் வகை. மூன்றாமவர் தெரிந்து கண்டிப்பவர், நான்காமவர் தெரிந்து ஆதரிப்பவர், ஐந்தாமவர் தெரிந்து இடமறிந்து பயன்படுத்துபவர். என் சந்தா மென்பொருள் இரண்டாம் வகை என்பதில் எனக்கு ஐயமில்லை. கறார் நடைக்குப் பேர்போன 'தி எகனாமிஸ்ட்' இதழே 2018இல் தன் நடைக் கையேட்டில் இந்தத் தடையைத் தளர்த்திவிட்டது.

இந்த மென்பொருளில் இன்னொரு விதியும் ஒளிந்திருக்கிறது: துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவிலும் வினையடை வரக் கூடாதாம். 'வில் கேர்ஃபுல்லி செக்' என்று எழுதினாலும் கோடு. இதைப் பார்த்ததும் 2009 ஜனவரி 20 நினைவுக்கு வந்தது. ஒபாமாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், 'வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்' என்று அரசியல் சட்டத்தில் இருக்கும் வாசகத்தில் 'ஃபெய்த்ஃபுல்லி'யைத் தூக்கிக் கடைசியில் போட்டுவிட்டார். ஒபாமா ஒரு கணம் தயங்கி நின்றார். மறுநாள் வெள்ளை மாளிகையில் பிரமாணத்தை இன்னொரு முறை எடுக்க வேண்டியதாயிற்று. வினையைப் பிரிக்கக் கூடாது என்ற மூடநம்பிக்கை நீதிபதியின் மனத்துக்குள் வேலை செய்திருக்கலாம் என்று மொழியறிஞர் ஸ்டீவன் பிங்கர் எழுதினார். உண்மையோ இல்லையோ, என் பொறியாளர் கதையைவிடப் பெரிய இடத்துக் கதை ஒன்று இருப்பது ஆறுதல்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். வால்வு வாக்கியத்தையும் போல்ட் வாக்கியத்தையும் இணைத்து, உங்கள் மாற்று பொருளைக் கெடுக்கிறது என்று விளக்கினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். இந்த விதியை அணைத்துவைக்கும் வழியைச் சொல்லியிருந்தார்கள்: நான்கு பட்டியல் உள்ளே போய், 'நுண்ணமைப்பு' என்ற இடத்தில் ஒரு குறியை எடுக்க வேண்டும். கடிதத்தின் முடிவில், எங்கள் சேவையை இடைவிடாமல் மேம்படுத்த உழைக்கிறோம் என்று ஒரு வரி: 'டு கன்டினியுவஸ்லி இம்ப்ரூவ்.' அதை அப்படியே நகலெடுத்து அவர்களுடைய மென்பொருளிலேயே ஒட்டினேன். நீலக் கோடு அழகாக நெளிந்தது. பதில் எழுதியவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. அவர் மனிதர்போல எழுதியிருக்கிறார்.

இளைய சகாவுக்கு இந்த மென்பொருள் உயிர். "அக்கா, நீங்கள் ஏன் அதோடு மல்லுக்கு நிற்கிறீர்கள்? ஏற்றுக்கொள் என்று அமுக்கிவிட்டுப் போங்கள், மதிப்பெண் நூறு வந்துவிடும்" என்பாள். மூலையில் ஒரு வட்டத்துக்குள் நூற்றுக்கு இத்தனை என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. நூறு வரும்போது வட்டம் பச்சையாகிறது. சில அலுவலகங்கள் பச்சை வட்டத்தைப் பார்த்துத்தான் கோப்பை வாங்குகின்றன என்றும் சொன்னாள். அந்த வட்டம்தான் இந்தப் பொருளின் மிக ஆபத்தான உறுப்பு. எழுதுபவர் வாசகரை மறந்து வட்டத்துக்காக எழுத ஆரம்பிக்கிறார். நானும் மூன்று மாதம் அப்படித்தான் எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தில் எத்தனை என்று கேட்டால், எழுத்துப்பிழைக்கும் 'த'வுக்கும் நான்கு கொடுப்பேன். வினையடை ஆலோசனைக்கு ஒன்று. அந்த ஒன்றும் 'வெல்' பிழையைக் கண்டதற்காக. வாங்குகிறவர்கள் முதல் நாளே நுண்ணமைப்புக்குள் போய் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். 'எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்' பொத்தானை மறைக்க வழி இல்லை. நான் அந்த மூலையின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவைத்திருக்கிறேன்.

வால்வு வாக்கியத்தைக் கடைசியில் பழையபடியே ஆக்கினேன். குறியை எடுக்காமல் வைத்திருந்து, கோடு நெளிவதைப் பார்த்துக்கொண்டே 'டு இமீடியட்லி க்ளோஸ்' என்று தட்டினேன். கையேடு தொண்ணூற்று நான்கு மதிப்பெண்ணோடு அச்சுக்குப் போனது.